அரை ஷிஃப்ட்

ஆகஸ்ட் 2, 2025, சனி

இந்த வாரம் முழுக்க ஒன்றரை ஷிஃப்ட். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் காலை 8.30க்கு உட்கார்ந்து மாலை 5.30க்கு எழுந்தால் ஒரு ஷிஃப்ட். இரவு 8.30 வரை இருந்தால் ஒன்றரை. கடைசி மூன்று மணி நேரத்துக்கு அரை நாள் சம்பளம் என்பதால் யாரும் அதை விடமாட்டார்கள். ஒரு ஷிஃப்டோடு கிளம்புகிறவரைப் பார்த்தால், "என்ன, உடம்பு சரியில்லையா?" என்றுதான் கேட்பார்கள். வாடகை, சீட்டு, டியூஷன் எல்லாமே அந்த அரையை நம்பித்தான் ஓடுகிறது.

நான் சிங்கர் டெய்லர், அதாவது ஒற்றை ஊசி மெஷினில் தைப்பவள். இந்த வாரம் போலோ டீசர்ட்டுக்குக் காலர் வைத்தேன். எங்கள் லைனில் எனக்குப் பிடித்த வேலை இதுதான். காலர் ரிப்பு துணி, உடம்பு வேறு துணி. இரண்டும் ஒரே அளவு இழுபடாது. ரிப்பைக் கொஞ்சம் இழுத்து, உடம்பை இழுக்காமல் விட்டு, நடு நாட்ச்சும் (அடையாளத்துக்கு வெட்டிய சின்ன வெட்டு) நடு நாட்ச்சும் சேருகிற மாதிரி கொண்டுபோக வேண்டும். பட்டியின் இரண்டு பக்கமும் காலர் முனை ஒரே உயரத்தில் வந்து நிற்க வேண்டும். அரை சென்டிமீட்டர் தள்ளிப் போனாலும் பட்டன் போட்டதும் காட்டிக் கொடுத்துவிடும். மெஷினை மிதிக்கும்போது இதெல்லாம் யோசிப்பதில்லை, கைக்கே தெரிகிறது. என் பண்டிலில் இருந்து ஆல்டர், அதாவது பிரித்துத் தைக்கச் சொல்லித் திரும்பும் பீஸ், வருவது அபூர்வம் என்பதை அடக்கமில்லாமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மேனேஜர் சார் கூப்பிட்டு, லைன் சூப்பர்வைசராக வருகிறாயா என்று கேட்டார். மாதச் சம்பளம், உட்கார நாற்காலி, கையில் பேட். வீட்டுக்காரருக்குக் கேட்டதுமே சந்தோஷம். "கௌரவமான வேலை, ஒத்துக்கோ" என்கிறார்.

எனக்கு மனசு வரவில்லை. சூப்பர்வைசருக்கு 5.30 என்று ஒரு நேரமே கிடையாது. லைன் நிற்கும்போதுதான் அவரும் வீட்டுக்குப் போகலாம். ஷிப்மெண்ட் என்றால் விடிய விடிய. அது ஒரு பக்கம். இன்னொன்று, நாள் முழுக்க நின்றுகொண்டு "சீக்கிரம், சீக்கிரம்" என்று மற்றவர் கையை விரட்டுவது எனக்கு ஒத்துவராது. மணிக்கு எத்தனை பீஸ் என்று போர்டில் எழுதுகிறவருக்குத் தைப்பதில் இருக்கும் சுகம் கிடைக்குமா? மேலே போவதுதான் முன்னேற்றம் என்று யார் சொன்னார்களோ. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வந்திருக்கிறேன். பதில் எனக்கு இப்போதே தெரியும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

துவைப்பது, மாவு ஆட்டுவது, கறி எடுப்பது, தூங்குவது. ஞாயிற்றுக்கிழமை இதற்கே சரியாகப் போகிறது.

வீட்டுக்காரர் நிட்டிங்கில், துணி பின்னும் இடத்தில், இருக்கிறார். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவு வாரத்தில் அவர் ஏழரைக்கே கிளம்பிவிடுவார். நான் வீடு வந்து சேர ஒன்பது ஆகும். அந்த இடைவெளியில் பிள்ளைகள் இரண்டு பேரும் தனியாக. பெரியவன் ஆறாவது, சின்னவள் மூன்றாவது. காம்பவுண்டில் எதிர்வீட்டு அக்கா ஒரு கண் வைத்துக்கொள்வார். அக்கா மட்டும் இல்லையென்றால் இந்த வண்டி எப்போதோ நின்றிருக்கும்.

இன்று துணி மடிக்கும்போது ஒன்று தோன்றியது. பிரசவத்துக்குச் சட்டப்படி 26 வாரம் விடுப்பு இருக்கிறது. முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. எங்கள் கம்பெனியிலும் இருக்கிறது, சின்னவள் அங்கேதான் வளர்ந்தாள். ஆனால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் அது. ஏழு வயதில் பிள்ளை தானே வளர்ந்துவிடும் என்று நினைத்துவிட்டார்கள் போல. பள்ளிக்கூடம் நாலு மணி சுமாருக்கு விடுகிறது. அதிலிருந்து ஒன்பது மணி வரை யார் பொறுப்பு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நல்ல சேதி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இன்று முதல் நகரத்தில் உள்ள அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பித்தது, கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்குப் போன வருஷம் வந்தது. இப்போது எங்கள் முறை. சின்னவள் இனி பள்ளியிலேயே சாப்பிட்டுக்கொள்வாள்.

பெரியவனுக்கு இல்லை. ஐந்தாம் வகுப்பு வரைதான். அவனுக்கு மட்டும் இரண்டு தோசை என்பதால் அடுப்பு எரியத்தான் வேண்டும், ஆனாலும் காலையில் கால் மணி நேரம் மிச்சம். கால் மணி நேரம் என்றால் என்ன என்பது 8.30க்கு வருகைப்பதிவு கார்டு தேய்க்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்று விநாயகர் சதுர்த்தி. நேற்றிலிருந்துதான் அமெரிக்காவில் நம் சரக்குக்கு 50 சதவீத வரி. மாத ஆரம்பத்தில் 25 போட்டார்கள், இப்போது மேலே இன்னொரு 25. இங்கிருந்து வருஷத்துக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதியாகிறது, அதில் பெரிய பங்கு அமெரிக்காவுக்கு. நாங்கள் தைத்துக்கொண்டிருந்த போலோவும் அங்கே போகவேண்டியதுதான். கட் பண்ணியதை மட்டும் முடித்துவிட்டு நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். டீ நேரத்தில் ஒருவரும் அதிகம் பேசவில்லை. ஒடிசாப் பையன் ஒருவன் மட்டும், "அக்கா, நெக்ஸ்ட் வீக் ஒர்க் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

செப்டம்பர் 6, சனி

அரை ஷிஃப்ட் கிடையாது. வாரம் முழுக்க 5.30க்கே மெஷின் நின்றது. சிலரை வரவேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். அந்தப் பையன் ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பணம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. சீட்டை இந்த மாதம் தள்ளிப் போட்டேன். அவருடைய நிட்டிங்கிலும் பாதி மெஷின்தான் ஓடுகிறது. ராத்திரி படுத்தால் கணக்குதான் ஓடுகிறது.

ஆனால் வீடு நன்றாக இருக்கிறது. ஆறு மணிக்கு வந்துவிடுகிறேன். பெரியவனுக்குக் கணக்கில் பின்னம் வரவில்லை என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டியூஷனுக்கு மாதாமாதம் கட்டியும் தெரியாதது, அவன் பக்கத்தில் உட்கார்ந்ததும் தெரிந்தது. துணியை மடித்து வைத்து அரை, கால், அரைக்கால் என்று காட்டினேன், பிடித்துக்கொண்டான். சின்னவள் பேசுகிறாள், பேசுகிறாள், நிறுத்துவதே இல்லை. பள்ளிக்கூடத்து உப்புமா நான் செய்வதைவிட நன்றாக இருக்கிறதாம். இத்தனை நாள் நான் வரும்போது இரண்டும் பாதித் தூக்கத்தில் இருக்கும், அல்லது செல்லில்.

எதிர்வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப வேலையை விட்டுட்டு வீட்ல இரு கண்ணு" என்றார். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வேலையா வீடா என்று ஏன் எல்லாரும் கேட்கிறார்கள்? பகல் எட்டு மணி நேர வேலையால் இந்த வீட்டில் எதுவும் கெடவில்லை. அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. மெஷின் சத்தம் இல்லாமல் ஒரு வாரம் வீட்டில் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். கெடுப்பது அந்தக் கடைசி மூன்று மணி நேரம்தான். ஒரு ஷிஃப்ட் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடிந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் 5.30க்கு எழுந்துவிடுவார்கள்.

செப்டம்பர் 25, வியாழன்

சூப்பர்வைசர் பேச்சு தானாகவே அடங்கிவிட்டது. ஆர்டரே இல்லாதபோது அதைப் பற்றி யார் பேசப்போகிறார்கள். இங்கிலாந்தோடு ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானதால் அந்தப் பக்கத்து ஆர்டர் வரும் என்று மேனேஜர் சார் சொல்கிறார். ஒப்பந்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பார்க்கலாம்.

அக்டோபர் 11, சனி

ஐரோப்பாவுக்கு ஒரு ஆர்டர் பிடித்துவிட்டார்கள். திங்களிலிருந்து மறுபடியும் ஒன்றரை ஷிஃப்ட். லைனில் எல்லார் முகத்திலும் தெளிவு. பொய் சொல்வானேன், எனக்கும்தான். தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கிறது, போனஸும் வரும், துணி எடுக்க வேண்டும்.

சாயந்திரம் லைனைப் பார்த்துக்கொள்ளும் மாஸ்டர் அண்ணாவிடம் போய், செவ்வாயும் வியாழனும் 5.30க்குக் கிளம்பிவிடுவேன், மற்ற நாள் முழுசாக இருக்கிறேன் என்றேன். வீட்டுக்காரருக்கு இரவு வாரமாக இருந்தாலும் அந்த இரண்டு நாள் நான் வீட்டில் இருப்பேன். மீதி நாளுக்கு அக்கா.

"எல்லாரும் இப்படிக் கேட்டா லைன் எப்படிம்மா ஓடும்?"

"எல்லாரும் கேட்கட்டும் அண்ணா, அப்புறம் பார்த்துக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. தீபாவளி வரைக்கும் பார்ப்போம் என்றார். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களில் எத்தனை பேர், எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்போது காலர் வைக்க ஆள் தேடி அலைவது அவர்தான்.