கூடுமிடத்தில் எடுத்த தண்ணீர் பொய் சொல்லும்

அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மூன்று நாட்களாக ஆற்றையும் அதன் துணையாறுகளையும் ஒட்டியே அலைந்து தண்ணீர் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு ஆறுகள் கூடும் இடத்திலேயே பாட்டிலை முக்கிவிடக் கூடாது. கூடிய பிறகும் வெகுதூரம் இரண்டும் ஒட்டாமல்தான் ஓடும். இந்தக் கரைப் பக்கம் தெளிவு, அந்தக் கரைப் பக்கம் கலங்கல். அதனால் துணையாற்றில் ஒன்று, கூடுமிடத்துக்கு மேலே பேராற்றில் ஒன்று, நன்றாகக் கலந்தபின் கீழே ஒன்று. கூடவே, ஒவ்வொன்றிலும் ஓடும் நீரின் அளவும் வேண்டும். இல்லாவிட்டால் எந்த ஆறு எவ்வளவு அழுக்கைக் கொண்டுவந்தது என்று சொல்லவே முடியாது.

அப்புறம் நேரம். பாசியும் செடிகளும் இரவெல்லாம் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், கொடுக்காது. மதியம் அளந்தால் ஆறு நலமாகவே தெரியும். மீன்கள் படும் பாடு விடிவதற்கு முன் அளந்தால்தான் தெரியும்.

இன்று அதிகாலை ஒரு துணையாற்றுத் தண்ணீரில் மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் படியும். வெள்ளையாகவே படிந்தது. 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையக்கூடிய இடத்தில் ஒன்றுமே இல்லை. குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அதே துணையாற்றில் 4 கிலோமீட்டர் மேலே கல்லைப் புரட்டினால் மேஃப்ளை இளம்பூச்சிகள் ஓடுகின்றன. பெரும்பாலும் நல்ல தண்ணீரில் தங்கும் உயிர்கள் அவை. நாளை அந்த 4 கிலோமீட்டரையும் அரை கிலோமீட்டருக்கு ஒரு குப்பி வீதம் எடுக்கிறோம்.