பினாங்குப் பொட்டலமும் நீல விளக்கும்

பினாங்கிலிருந்து காரைக்குடிக்கு வந்திருந்த அயித்தை, என் மகளின் முகப்பருக்களைப் பார்த்துவிட்டு, ஒரு சீன மூலிகைப் பொட்டலத்தை வளவில் உட்கார்ந்து பிரித்தார். நுரையீரலிலும் வயிற்றிலும் சேரும் வெப்பமே பருவாக வெளிப்படுகிறது என்பது சீன மருத்துவத்தின் கணக்கு. ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி எங்கள் ஆயா வெந்தயத் தண்ணீர் கொடுத்ததற்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை.

மகளுக்கோ அப்போது தோல் மருத்துவரிடம் ஒளிச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. சுமார் 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி, பருவிலுள்ள பாக்டீரியா உண்டாக்கும் போர்பிரின் என்ற பொருளைத் தூண்டுவதால், அதிலிருந்து பிறக்கும் வீரியமிக்க ஆக்சிஜன் அந்தக் கிருமியையே அழிக்கிறது. 630 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகச் சென்று வீக்கத்தைத் தணிக்கிறது.

இரண்டையும் சேர்ப்பதில்தான் எனக்குத் தயக்கம் வந்தது. பொட்டலத்தில் வெளிறிய, வாசனை மிகுந்த வேர்த்துண்டுகள் இருந்தன. அவை பாய் ஜி, அதாவது ஏஞ்சலிகா வகைச் செடியின் வேர், என்றார் அயித்தை. அந்த வேரிலுள்ள ஃபியூரனோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள், புற ஊதாக் கதிர் பட்டால் தோலை எளிதில் கன்றச் செய்யக்கூடியவை. நீல விளக்கு புற ஊதா விளக்கன்று. ஆனால் சிகிச்சை முடிந்து அவள் திரும்பி வருவது காரைக்குடியின் பகல் வெயிலில் அல்லவா? பொட்டலத்தை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒளிச் சிகிச்சை முடியும்வரை வேண்டாம் என்றார். அயித்தைக்கு வருத்தம்தான்.