ஏழு படிக்குள் 6174

பாடசாலை மலருக்கு எழுதும் எல்லோரும் கிரிக்கெட் போட்டியையும் கன்ரீன் றோல்ஸையும் அதிபரின் பிரம்பையும் எழுதுவார்கள். நான் ஓர் எண்ணைப் பற்றி எழுதுகிறேன்: 6174. ஆண்டு ஒன்பதில் எங்களுக்குக் கணிதம் படிப்பித்த மாஸ்டரை மறக்காதவர்களுக்குக் காரணம் விளங்கும்.

நான்கு இலக்க எண் ஒன்றை எடுக்க வேண்டும். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக்கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறு வரிசையில் எழுதியதைக் கழிக்க வேண்டும். வரும் விடைக்கும் அதையே செய்ய வேண்டும். மாஸ்டர் அந்த ஆண்டையே பலகையில் எழுதினார்: 1983. 9831-இல் 1389 போக 8442. பிறகு 5994, 5355, 1998, 8082, 8532. ஏழாவது கழித்தலில் 6174. அதற்கப்பால் நகர்வதில்லை, 7641-இல் 1467 போனாலும் 6174தான். எந்த எண்ணுக்கும் ஏழு படிக்கு மேல் தேவைப்படாது, 1983க்கு ஏழும் தேவைப்பட்டது. அது தை மாதம்; ஆடிக் கலவரம் இன்னும் வரவில்லை.

பின்வரிசை வாங்கில் ஒருவன் 2111 எடுத்து, 999 வந்ததும் பூச்சியத்தில் போய் முடித்துவிட்டு, "சேர், பிழைத்துவிட்டது" என்று எழும்பினான். "முன்னால் நின்ற பூச்சியத்தை விழுங்கிவிட்டாய், தம்பி. 0999 என்று எழுது" என்றார். 9990-இல் 0999 போக 8991. மூன்று வரியில் அவனும் வந்து சேர்ந்தான்.

வேறொருவர் என்றால் வேடிக்கையோடு மணியடிக்க விட்டிருப்பார். இவர் விடவில்லை. பெரிய இலக்கத்துக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசத்தை 999ஆல் பெருக்கு, நடு இரண்டின் வித்தியாசத்தை 90ஆல் பெருக்கு, கூட்டு. கழித்தலின் விடை அதுதான் என்று காட்டினார். 7641இல் அந்த வித்தியாசங்கள் 6, 2. ஆகவே 5994உடன் 180. முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை. இரண்டாவது அதை மிஞ்சாது. எண்ணிப் பார்த்தால் முதல் கழித்தலிலேயே, முன்னால் பூச்சியம் நிற்பவையும் சேர்த்து, 9,990 எண்களும் 54 விடைகளுக்குள் ஒடுங்கிவிடுகின்றன. அந்த ஐம்பத்து நான்கையும் வாங்கு வாங்காகப் பிரித்துத் தந்து, எங்களைக் கொண்டே செய்வித்தார். கொப்பி நிறையக் கழித்தல். நிரூபணம் என்றால் என்னவென்று எனக்கு உறைத்தது அன்றுதான், பல்கலைக்கழகத்தில் அல்ல.

1949இல் இதைக் கண்டுபிடித்தவர் நாசிக்குக்கு அருகே தேவ்லாலியில் படிப்பித்த கப்ரேகர். பெரிய பட்டமில்லாத பள்ளிக்கூட ஆசிரியர். பண்டிதர்கள் பலர் அவரை விளையாட்டுக் கணக்குக்காரர் என்று ஒதுக்கினார்கள். 1975இல் மார்ட்டின் கார்ட்னர் அமெரிக்கச் சஞ்சிகையில் எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. தானும் ஒரு வாத்தியார் என்பதாலோ என்னவோ, அவர் பெயரைச் சொல்லும்போது எங்கள் மாஸ்டரின் குரல் சற்றே உயரும்.

6174இன் இலக்கங்களைக் கூட்டினால் 18. அந்தப் பதினெட்டு, அதன் வர்க்கம் 324, கனம் 5832 மூன்றையும் கூட்டினால் 6174. பதினெட்டால் வகுத்தால் 343, அதாவது ஏழின் கனம். இவை கழித்தலோடு தொடர்பில்லாத தற்செயல்கள் என்றே நினைக்கிறேன், என்றாலும் அழகு.

மூன்று இலக்கத்துக்கு 495 என்பதையும் சொல்லிவிட்டு, ஐந்து இலக்கத்தை வீட்டுக்குத் தந்தார். கையால் செய்து எவரும் முடிக்கவில்லை. ரொறொன்ரோவில் இருக்கும் வகுப்புத் தோழன் ஒருவன் பின்னாளில் கணினியில் ஓட்டிப் பார்த்தான். அங்கே எதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை, மூன்று சுழல்களில் ஒன்றில் அகப்பட்டுக்கொள்கிறது. சிறிய சுழலில் இரண்டே எண்கள்: 53955, 59994, மறுபடி 53955.