துளை போடும் முன் ஒரு நாள் பொறுங்கள்

வீட்டு மாடியில் ஒன்று, வேன் கூரையில் ஒன்று என இரண்டு செயற்கைக்கோள் இணைய டிஷ் மாட்டியிருக்கிறேன். அதில் வீட்டு டிஷ்ஷை மட்டும் மூன்று தடவை கழற்றி இடம் மாற்றினேன். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன். பெட்டியைப் பிரித்துச் செருகினால் கொஞ்ச நேரத்தில் இணையம் வந்துவிடும், அதில் ஒன்றும் கஷ்டமில்லை. எங்கே மாட்டுவது, எப்படி மாட்டுவது என்பதுதான் ஆளைப் படுத்தி எடுக்கும்.

டிவி டிஷ் மாட்டிப் பழகியவர்கள் முதலில் கேட்பது "எந்தப் பக்கம் திருப்பணும்?" என்றுதான். அந்த டிவி செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால் நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி. அந்த ஒரு புள்ளி தெரிந்தால் போதும், மற்ற பக்கமெல்லாம் மரம் மறைத்தாலும் கவலையில்லை. நான் மாட்டிய ஸ்டார்லிங்க் வகையறா இணையச் செயற்கைக்கோள்கள் அப்படியில்லை, சுமார் 550 கி.மீ. உயரத்திலேயே ஓடுகிறவை. ஒன்று நம் வானத்தில் சில நிமிடம்தான் இருக்கும், அது போவதற்குள் டிஷ் அடுத்ததைப் பிடித்தாக வேண்டும். டிஷ் திரும்புவதும் கிடையாது. உள்ளே நூற்றுக்கணக்கான குட்டி ஆன்டெனாக்கள் இருக்கின்றன, அவை அலையை ஒன்றுக்கொன்று துளி நேரம் முன்னே பின்னே அனுப்பியே அலை போகும் திசையைத் திருப்பிவிடும். அதனால் இதற்கு அகலமான வானம் வேண்டும், ஏறக்குறைய 110 டிகிரிக்கு எதுவும் குறுக்கே வரக் கூடாது.

நான் அதை யோசிக்கவில்லை. மாடிப்படிக் கூண்டுச் சுவரில், கை எட்டுகிற உயரம், கேபிளுக்கும் கிட்டே என்று ஆங்கர் போல்ட் அடித்து மாட்டிவிட்டேன். வேகமெல்லாம் பிரமாதம். ஆனால் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் திடீரென்று வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார், மூன்று நான்கு செகண்டில் மறுபடி உயிர் வரும், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே கதை. ரௌட்டரை மாற்றினேன், கேபிளைப் பிடுங்கிச் செருகினேன், வீட்டில் எல்லோரையும் திட்டினேன். கடைசியில் பார்த்தால் பக்கத்து மரத்தின் ஒரே ஒரு கிளை! செயற்கைக்கோள் அந்தக் கிளைக்குப் பின்னால் போகும் ஒவ்வொரு தடவையும் துண்டிப்பு. ஸ்டார்லிங்க் செயலியில் போன் கேமராவை வானத்தைச் சுற்றிக் காட்டினாலே தடை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். அதைவிட நல்ல வழி, டிஷ்ஷைச் சும்மா ஒரு ஸ்டூல் மேல் வைத்து ஒரு நாள் ஓட விடுவது. தடை எங்கெங்கே என்று அதுவே படம் போட்டுத் தரும். டிரில்லை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.

சரி, உயரமாகப் போய்விடலாம் என்று மாடித் தளத்தில் நான்கு துளை போட்டு இரண்டு மீட்டர் பைப்பை நிறுத்தினேன். அது இரண்டாவது தப்பு. டிஷ் என்பது 59 செ.மீ.க்கு 38 செ.மீ. தட்டைப் பலகை, அதன் முகத்தில் மணிக்கு 100 கி.மீ. காற்று நேராக அடித்தால் ஏறக்குறைய 12 கிலோ எடை தள்ளுகிற மாதிரி. 150 கி.மீ. புயல் என்றால் 28 கிலோவைத் தொடும், ஏனென்றால் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. இரண்டு மீட்டர் பைப் இந்தச் சுமையை அப்படியே நெம்புகோலாக மாற்றி அடியிலுள்ள போல்ட்டில் இறக்கும். போல்ட் தாங்கியது, கான்கிரீட் தாங்கவில்லை. துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விட்டு, முதல் நல்ல மழையில் கீழ் அறைக் கூரையில் ஈரம் படர்ந்துவிட்டது.

மூன்றாவது இடத்தில் துளையே போடவில்லை. இரும்புச் சட்டம், அதன் மேல் கான்கிரீட் கட்டைகள், நடுவில் குட்டையான பைப். அவ்வளவுதான், அசையவே இல்லை. கேபிள் மட்டும் சுவர் வழியாக உள்ளே வருகிறது. துளையை உள்ளிருந்து வெளியே கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துப் போட்டு, கேபிளைத் துளைக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றினேன். மழைத்தண்ணீர் கேபிளோடு வழிந்து வந்து அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிப் போய்விடும், உள்ளே வராது. இரும்புச் சட்டத்துக்கு எர்த் கொடுக்க மறக்காதீர்கள்.

வேன் கதை வேறு. காந்த மவுண்ட் வாங்கி வந்து வைத்தேன், அது அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கியது. என் வேன் கூரை அலுமினியம்! வாங்கும் முன் குளிர்பெட்டிக் காந்தம் ஒன்றை ஒட்டிப் பார்த்திருக்கலாம். அப்புறம் கேரியர் கம்பியில் கிளாம்ப் போட்டு டிஷ்ஷைப் படுக்க வைத்தேன். படுக்க வைத்தால் எதிர்க்காற்று முகத்தில் அடிக்காது, ஆனால் முன் விளிம்புக்கு அடியில் புகுந்து தூக்கப் பார்க்கும். அதனால் முன் பக்கம் ஒரு தகடு மடக்கி வைத்திருக்கிறேன், கிளாம்ப் கழன்றாலும் பின்னால் வருகிறவர் தலையில் போய் விழாதபடி ஒரு எஃகுக் கம்பியும் உண்டு. கூரைக்கும் டிஷ்ஷுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், வெயிலில் காய்ந்த தகரத்தோடு ஒட்டிக் கிடந்தால் சூடேறி அதுவே நின்றுவிடும்.

மின்சாரத்தில் ஒரு பொடி விஷயம், என்னை ஒரு வாரம் அலைய விட்டது. வேனில் இருப்பது சின்ன டிஷ்ஷான ஸ்டார்லிங்க் மினி, அது 12 முதல் 48 வோல்ட் வரை ஏற்கும். பேட்டரி 12 வோல்ட், சரிதானே என்று ஐந்து மீட்டருக்கு 1 சதுர மி.மீ. ஒயர் இழுத்தேன். இன்ஜின் ஓடும்போது வேலை செய்தது, அணைத்தால் டிஷ்ஷும் அணைந்து மறுபடி எழும், மறுபடி அணையும். போகவர பத்து மீட்டர் ஒயர், 4 ஆம்பியர் இழுத்தால் ஒயரிலேயே 0.7 வோல்ட் போய்விடுகிறது, டிஷ்ஷுக்குப் போய்ச் சேர்வது 12க்கும் கீழே. பேட்டரிக்குப் பக்கத்திலேயே 24 வோல்ட்டாக ஏற்றும் கன்வெர்ட்டர் ஒன்றும் ஃபியூஸும் வைத்த பிறகு தொல்லையில்லை.

இப்போது இரண்டும் ஓடுகின்றன. மாடியிலிருக்கும் அந்தப் பழைய நான்கு துளைகளைச் சுரண்டி எபாக்ஸி அடைத்து மேலே சிலிகான் பூசியிருக்கிறேன். மழை வரட்டும், பார்க்கலாம்.