அந்தப் பத்து மாத வாடகை

பிப்ரவரி 1, 2024, வியாழக்கிழமை. லாஸ் ஏஞ்சலிஸில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் தலையில் அன்றைக்கு இரண்டு சுமை சேர்ந்து விழுந்தது. 1978 அக்டோபருக்கு முன் கட்டிய, வாடகைக் கட்டுப்பாட்டில் உள்ள வீடுகளுக்குக் கொரோனா காலத்திலிருந்து வாடகை ஏற்றாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். அது முடிந்து, 4 சதவீதம் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஆனது. அதே நாளில், 2021 அக்டோபரிலிருந்து 2023 ஜனவரி வரை விழுந்த வாடகை பாக்கியையும் அடைத்தாக வேண்டியிருந்தது. அடைக்காவிட்டால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடலாம்.

நான் குடியிருப்பது பாம்ஸ் பகுதியில். கீழே தூண்களுக்கு நடுவில் கார் நிறுத்துமிடம், மேலே இரண்டு மாடி என்று அறுபதுகளில் கட்டிய கட்டடம். கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் பக்கத்து வீட்டு அம்மா தன் ரசீதுகளையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வந்தார். எல் சால்வடோரிலிருந்து வந்தவர், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறார். கொரோனாவுக்கு அப்புறம் விருந்தினர் கேட்டால்தான் அறையைச் சுத்தம் செய்வது என்று ஆகிவிட்டதால், 2022-இல் பாதி நாள் அவருக்கு வேலை இல்லை.

மணி ஆர்டர் அடிக்கட்டை ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் மாதத்தின் பெயரை எழுதி வைத்திருந்தார். மேசையில் வரிசையாக அடுக்கினோம். ஏப்ரல் 790, மே 790, ஜூன் 790. வாடகை 1,580 டாலர். நவம்பர் வரை எட்டு மாதமும் பாதிதான் கட்டியிருக்கிறார். நின்றது 6,320 டாலர். டிசம்பரிலிருந்து ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

ஏன் ஏப்ரலில் தொடங்குகிறது என்பதைப் பாருங்கள். கொரோனாவால் வாடகை கட்ட முடியாதவர்களுக்குக் கலிஃபோர்னியா மாநில அரசு ஒரு நிவாரணத் திட்டம் நடத்தியது. தகுதி இருந்தால் பாக்கி முழுவதையும் அரசே கொடுத்தது. அந்தத் திட்டம் மார்ச் 31, 2022-க்குப் பிறகு நிவாரணம் தரவில்லை. ஆனால் காலி செய்ய வைக்கக் கூடாது என்ற நகரத்தின் தடை ஜனவரி 31, 2023 வரை நீடித்தது. நடுவில் பத்து மாதம். வீட்டை விட்டு யாரையும் அனுப்ப முடியாது, வாடகையைக் கொடுக்கவும் ஆள் இல்லை. தடை வாடகையைத் தள்ளுபடி செய்யவில்லை, தள்ளித்தான் வைத்தது. மாதாமாதம் பாக்கி ஏறிக்கொண்டே போனது.

இதில் வீட்டுக்காரரை மட்டும் வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் கட்டடத்தின் உரிமையாளர் வயதானவர், இந்த வாடகையில்தான் அவர் ஜீவனம். நிலநடுக்கத்துக்குத் தாங்கும்படி கார் நிறுத்துமிடத்துக்கு இரும்புச் சட்டகம் போடச் சொல்லி நகரம் 2015-இல் சட்டம் போட்டது. அந்தச் செலவில் பாதியைத்தான் குடித்தனக்காரர்களிடம் வசூலிக்கலாம், அதுவும் மாதம் 38 டாலருக்கு மேல் போகாமல். டிசம்பர் 10, ஏப்ரல் 10 சொத்து வரித் தவணைகளும் நிற்கவில்லை. தடை என்றைக்காவது நீங்கத்தான் வேண்டும் என்று நானும் நினைத்தேன். 2022 டிசம்பரில் நகர மன்றம் முடிவெடுத்தபோது எனக்கு அதில் வருத்தமில்லை. பாக்கியை யார் தலையில் வைத்துவிட்டு நீக்குகிறார்கள் என்பதில்தான் வருத்தம்.

நல்லதும் செய்தார்கள், சொல்லிவிட வேண்டும். ஒரு மாத நியாய வாடகை என்று மத்திய அரசு நிர்ணயித்திருக்கும் தொகையைப் பாக்கி தாண்டினால்தான் வழக்குப் போட முடியும் என்று 2023-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டுக் கணக்குப்படி ஒரு படுக்கையறை வீட்டுக்கு அது 1,747 டாலர். நூறு, இருநூறு குறைந்ததற்காக இனி யாரும் தெருவுக்கு வர மாட்டார்கள். ஆனால் 6,320-க்கு அந்தக் கோடு எந்த மூலைக்கு?

ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் விலைபோகும் சொத்துகளுக்கு 2022-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த வரி இருக்கிறது. அதிலிருந்து சுமார் 3 கோடி டாலர் ஒதுக்கி, ஆறு மாத பாக்கி வரை தருவதாகப் 2023 செப்டம்பரில் விண்ணப்பம் வாங்கினார்கள். வெறும் இரண்டு வாரம். அம்மாவுக்கு விஷயம் தெரியும்போது அது முடிந்துவிட்டது. அந்த வரிப் பணத்தை முதலில் இந்தப் பத்து மாத பாக்கிக்கு, நேராக வீட்டுக்காரர் கையிலேயே கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. இரண்டு தரப்பும் பிழைக்கும்.

அதுவரைக்கும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நடப்பு மாத வாடகையைக் கட்டாமல் விடாதீர்கள். மணி ஆர்டரோ காசோலையோ, அதன் மேலேயே 'பிப்ரவரி 2024 வாடகை' என்பது போல மாதத்தை எழுதுங்கள். எந்த மாதத்துக்கான பணம் என்று சொல்லும் உரிமை கொடுப்பவருக்கு உண்டு, அதைப் பழைய பாக்கியில் வரவு வைக்க முடியாது. ஏற்றிய வாடகையில் அம்மாவுக்கு 2024 பிப்ரவரியில் அது 1,643 டாலர் 20 சென்ட். பழைய பாக்கியைத் தவணையாகக் கட்ட வீட்டுக்காரர் சம்மதித்தால் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். மூன்று நாளில் பாக்கியைக் கட்டு, இல்லையென்றால் காலி செய் என்று நோட்டீஸ் ஒட்டினால் அதன் நகல் நகர வீட்டுவசதித் துறைக்குப் போயிருக்கிறதா என்று கேளுங்கள், போயிருக்க வேண்டும். வழக்குப் போட்டு நீதிமன்றத் தாள் நேரில் கைக்கு வந்தால் பதில் போட 2024-இல் ஐந்து வேலை நாள்தான் இருந்தது, 2025-லிருந்து பத்து. அதைத் தவறவிட்டால் நீங்கள் சொல்வதைக் கேட்காமலேயே தீர்ப்பு எழுதிவிடலாம். தாள் வந்த அன்றே இலவசச் சட்ட உதவி மையத்தைக் கூப்பிடுங்கள்.