லோங் ரூமில் எங்கள் மாஸ்ரர்

பழைய மாணவர் சங்க மலர்க் குழுத் தம்பிமார் போன வருடமே கேட்டார்கள், "அண்ணை, பழைய நினைவு ஏதாவது எழுதித் தாங்கோ" என்று. பார்ப்போம், பார்ப்போம் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் காலத்தைப் பற்றி எழுத இனி என்ன மிச்சம் இருக்கிறது? பிக் மட்ச் வந்தாயிற்று, ஹொஸ்ரல் பருப்பு வந்தாயிற்று, மதில் பாய்ந்து இரண்டாம் ஷோவுக்குப் போன கதை ஒவ்வொரு மலரிலும் வருகிறது, அப்படிப் போனவர்களின் தொகையும் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது.

அதற்குள் மாஸ்ரர் போய்விட்டார். தொண்ணூறு தாண்டிய வயது, நித்திரையிலேயே போனாராம், கொடுத்து வைத்த சாவு என்று வாட்ஸ்அப்பில் எல்லாரும் எழுதினார்கள். எந்த மாஸ்ரர் என்று கேட்கிறவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவராக இருக்க முடியாது. பெயரைப் போடவில்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள். பட்டப்பெயரை அச்சில் போடவே முடியாது. "ஃபுல் ஸ்ரொப்" என்று சொல்லிவிட்டு அடிமட்டத்தால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவாரே, அவர்தான்.

செய்தி வந்த அதே கிழமையில் மூத்தோர் சுற்றுலா. ரோல்ஸும் கட்லட்டும் கட்டிக்கொண்டு, இலவசம் என்பதால் சிற்றி சேர்க்கிள் ட்ராமில் ஏறி, மெல்பேண் ஃபிளிண்டர்ஸ் வீதியிலுள்ள குடிவரவு அருங்காட்சியகத்துக்குப் போனோம். இவ்வளவு காலம் இந்த நகரத்தில் இருந்தும் நான் உள்ளே போனதில்லை. வெளியிலிருந்து பார்த்து, ஏதோ கோர்ட் என்றுதான் நினைத்திருந்தேன். அது பழைய கஸ்ரம்ஸ் ஹவுஸ், அதாவது சுங்கக் கந்தோர். தங்கம் தோண்டிய காலத்தில், 1850களில் தொடங்கி, இடையில் விட்டு, 1876இல் ஒருவழியாகக் கட்டி முடித்தது. அந்த நாளில் கப்பல்கள் யாரா ஆற்றுக்குள் ஏறி ஏறக்குறைய வாசலிலேயே வந்து நிற்குமாம். இப்போது ஆற்றுக்கும் கட்டடத்துக்கும் நடுவே ரயில் பாலம் போகிறது. 1998இல் அருங்காட்சியகம் ஆக்கினார்கள்.

மாடியில் இருப்பது லோங் ரூம். பெயருக்கு ஏற்ற நீளம், இரண்டு பக்கமும் சுருள் வைத்த தலையோடு பெரிய தூண்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகிற உயரத்தில் கூரை. கப்பல் கப்டன்மாரும் வியாபாரிகளும் பத்திரங்களைக் கொண்டுவந்து நீட்டித் தீர்வை கட்டிய இடம். அப்போது அரசாங்கத்தின் பெரிய வருமானமே சுங்கத் தீர்வைதான், ஆகையால் கோயில் மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வேலைக்குப் போன காலத்தில் ஏதோ ஒரு கந்தோரில் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர்கள், அதனால் எல்லாருக்கும் அந்த அறை உடனே பிடித்துப்போயிற்று. நடுவில் பழைய கப்பல் ஒன்றின் உள்பக்கத்தைச் செய்து வைத்திருக்கிறார்கள், நுழைந்து பார்க்கலாம். ஆரம்ப காலத்து ஏழைப் பயணிகளின் அடுக்குக் கட்டிலைப் பார்த்து, "எங்கடை ஹொஸ்ரலைவிட இது விசாலம்" என்றார் ஒருவர்.

அப்புறம்தான் டிக்ரேஷன் ரெஸ்ற், அதாவது சொல்வதெழுதல் பரீட்சை, பற்றிய பகுதிக்கு வந்தோம். 1901இல் ஆறு குடியேற்ற நாடுகளும் சேர்ந்து ஒரே அவுஸ்திரேலியா ஆனதும், மெல்பேணில் கூடிய அந்தப் பாராளுமன்றம் முதல் வருடத்திலேயே நிறைவேற்றிய சட்டங்களில் ஒன்று குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம். வெள்ளையர் அல்லாதவர் வரக்கூடாது என்று பச்சையாக எழுதினால் லண்டனுக்குச் சங்கடம், ஜப்பானும் கோபிக்கும். ஆகவே தென்னாபிரிக்காவின் நாத்தாலில் இந்தியர்களை மறிக்க 1897இல் போட்ட சட்டத்தைப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கஸ்ரம்ஸ் அதிகாரி 50 சொற்கள் கொண்ட ஒரு பகுதியை வாசிப்பார், வந்தவர் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழியில்? ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில். அது எது என்று முடிவு செய்கிறவர் அதிகாரி. இங்கிலீசு தெரிந்தவருக்கு ஜேர்மன், ஜேர்மனும் தெரிந்தால் இன்னொன்று. 1909க்குப் பிறகு ஒருவர்கூடத் தேறவில்லை. சட்டப் புத்தகத்திலிருந்து இது போனது 1958இல்.

ஈகொன் கிஷ் என்றொரு செக் நாட்டுப் பத்திரிகைக்காரர். 1934இல் ஹிட்லருக்கு எதிராகப் பேச வந்தவரை இறங்க விடவில்லை. மனுசன் இதே மெல்பேண் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டார். திரும்பக் கப்பலில் ஏற்றி, சிட்னியில் டிக்ரேஷன் வைத்தார்கள். பல மொழி தெரிந்தவர் என்பதால் தேடிப் பிடித்து ஸ்கொட்லாந்துக் கேலிக்கில் வைத்தார்கள். அது இந்தச் சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழி அல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல, ஸ்கொட்லாந்துக்காரர் கோபித்துக்கொண்டது தனிக்கதை.

வீட்டுக்கு வந்து பழைய டிக்ரேஷன் பகுதிகளைத் தேடிப் பார்த்தேன். 1932இல் வாசித்த ஒன்று புலியையும் சிங்கத்தையும் ஒப்பிடுகிறது. இரண்டும் அடுப்பங்கரைப் பூனைக்குச் சொந்தக்காரர்தான் என்றும், அந்தக் குடும்பத்தில் ராசா புலி என்றும் வருகிறது. இதற்கு மேல் நான் ஒன்றும் எழுதவில்லை. மலர் எல்லா ஊருக்கும் போகிறது.

ஆனால் லோங் ரூமுக்குப் பக்கத்தில் நின்று அதையெல்லாம் வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது வெள்ளைக்காரன் இல்லை, எங்கள் மாஸ்ரர். வெள்ளிக்கிழமை நாலாம் பாடம். ஒருமுறை மெதுவாக வாசிப்பார், ஒருமுறை வேகமாக, மூன்றாம் முறை கிடையாது. அன்றைக்கு ஏதோ கப்பல் சண்டைக் கதை. அதில் "லெஃப்ரினன்ற்" (lieutenant, எழுத்தில் எஃப் கிடையாது) என்று ஒருவன் வந்தான். நான் அந்தச் சொல்லை அதுவரை கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. காதில் விழுந்தபடி எஃப் போட்டு எழுதினேன். வேறு எப்படி எழுதுவது, சொல்லுங்கள்? வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். மாஸ்ரரின் கையில் முதலில் அகப்பட்டது என் கொப்பி.

"நீர் எழும்பும்." கோபம் வந்தால் நீர் போட்டுத்தான் பேசுவார், அது உங்களுக்கும் தெரியும். அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். கொப்பியை விரித்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அந்த விறாந்தையிலுள்ள ஒவ்வொரு வகுப்புக்கும் போய், அங்கே நிற்கிற ஆசிரியரிடம் அனுமதி கேட்டு உள்ளே நுழைந்து, "எஃப் போட்ட லெஃப்ரினன்ற் நான்தான்" என்று இங்கிலீசில் சொல்லிவிட்டு வரவேண்டும். போனேன். பெரிய வகுப்புகளில் சிரித்தார்கள், அது பரவாயில்லை. கடைசியில் ஆறாம் வகுப்பு. முன் வாங்கில் என் தம்பி இருந்தான். நான் வாயைத் திறக்க முதலே குனிந்து, கீழே விழாத பென்சிலைத் தேடத் தொடங்கினான். வகுப்பு சிரித்து முடியும் வரைக்கும் தேடினான். வீட்டுக்கு ஒன்றாகத்தான் நடந்து போனோம். அம்மாவுக்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

இதை லோங் ரூமில் சும்மா சிரிப்புக்குத்தான் சொன்னேன். அப்போது எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த ஒருவர், "மாஸ்ரர் கொழும்பிலை கிளாக்கரா இருந்தவர், தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது. 1956 சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு அரசாங்க உத்தியோகத்திலிருந்த எங்கள் ஆட்களுக்குச் சிங்களப் பரீட்சை வந்தது, தேறாவிட்டால் சம்பள உயர்வும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. அந்தக் கதை எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு மாமாவோ பெரியப்பாவோ வழியாக இருக்கிறது. மாஸ்ரருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடாம், தெற்கில் வேலை செய்தவர். இருந்தும் பரீட்சை மண்டபத்துக்குப் போய், பெயரை மட்டும் தமிழில் எழுதி, வெறும் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த யாழ்தேவி ரயிலில் ஏறி ஊருக்கு வந்துவிட்டாராம். அதற்குப் பிறகுதான் வாத்தியார் வேலை.

பக்கத்தில் நின்ற இன்னொருவர் விடவில்லை. "சும்மா கதை விடாதையும். மனுசன் இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் ஃபெயில். சொல்வதெழுதலிலைதான் விழுத்தினவங்கள். வெறுந்தாள் கதை பிறகு கட்டினது." சத்தம் கூடிவிட்டது. எழுபது தாண்டிய இரண்டு பேர் அந்தத் தூண்களுக்கு நடுவே நின்று யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் நிற்பதுபோலக் கையை நீட்டிக் கத்த, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்த ஒரு வெள்ளைக்கார ரீச்சர் பயந்து மற்றப் பக்கமாகப் போனார்.

வெறுந்தாள் கதைதான் அழகானது, மலருக்கும் அதுதான் பொருத்தம். எனக்கென்னவோ இரண்டாவது கதையில்தான் மாஸ்ரர் தெரிகிறார். தெரியாத மொழியில் ஒருவன் வாசிக்க, பேனையைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருந்த மனிதர். "பிழை விடாதை, பிழை விட்டால் அவன் உன்னை உள்ளை விடமாட்டான்" என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டேயிருப்பார். அவன் யார், எதற்குள்ளே, என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. உள்ளே விடக்கூடாது என்று முடிவு எடுத்துவிட்டால் பிழையில்லாமல் எழுதியும் பிரயோசனமில்லை என்பது அந்த அருங்காட்சியகச் சுவரில் இருக்கிறது. அது அவருக்கும் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துகொண்டும் வெள்ளிக்கிழமை தோறும் வாசித்தாரே.

நன்றி சொல்லத்தான் வேண்டும். 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு புறப்பட்டு, அங்கே இங்கே நின்று இந்த நாட்டுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது அவர் தந்த இங்கிலீசுதான். முதல் வேலை, கடிதங்களுக்குப் பதில் எழுதுகிற வேலை. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அரைப்புள்ளி எங்கே போடுவது என்று என்னிடம் வந்து கேட்டுப் போவார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் அந்த மரியாதை இருந்தது. லெஃப்ரினன்ற் என்ற சொல்லை மட்டும் எந்தக் கடிதத்திலும் எழுத வேண்டி வரவில்லை.

யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்த பிறகு, 2003இல் ஊருக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். சாய்மனைக் கதிரையில் இருந்தார், கண் மங்கிவிட்டது. குரலை வைத்தே ஆளைப் பிடித்துவிட்டார். வீடு, வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று நான் அடுக்கிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்கை ஆரோடை கதைக்கிறனீர்?" என்றார். சங்கம் இருக்கு, கோயில் இருக்கு, தமிழ் ரேடியோவும் இருக்கு என்றேன். "அதெல்லாம் சனி ஞாயிறு. திங்கட்கிழமை?" என்றார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். பென்ஷனுக்கு வந்த பிறகு எனக்கு எல்லா நாளும் திங்கட்கிழமையாகத்தான் இருக்கிறது.

தம்பி ஊரைவிட்டு வரவில்லை. எத்தனை இடப்பெயர்வு வந்தும் திரும்பித் திரும்பி அதே வீட்டுக்குத்தான் போனான். மாஸ்ரருக்குக் கண் தெரியாமல் போன பிறகு பின்னேரங்களில் போய்ப் பேப்பர் வாசித்துக் காட்டுகிறவன் அவன்தானாம், இதையும் செத்தவீட்டன்றுதான் அறிந்தேன். உச்சரிப்புப் பிழைத்தால் மனுசன் கதிரைக் கையில் தட்டுவாராம். காணொளி அழைப்பில் எனக்குச் செத்தவீட்டைக் காட்டினான். பந்தல், பறை, பழைய மாணவர் என்று நாலைந்து நரைத்த தலைகள். இங்கே நேரம் இரவாகிவிட்டது, குசினியில் நின்று பார்த்தேன், இடையில் இணைப்பு அறுந்துவிட்டது.

பிறகு ஒருநாள் அவனிடம் கேட்டேன், வெறுந்தாளோ, ஃபெயிலோ, எது உண்மை என்று. "இவ்வளவு காலம் பக்கத்திலை இருந்தனான், ஒருநாளும் கேக்கேல்லை. கேட்டு என்னத்துக்கு?" என்றான்.

மாஸ்ரர் பெயரில் சங்கம் ஒரு ஆங்கிலப் பரிசு வைக்கப் போகிறதாம், என் பங்கை அனுப்பிவிட்டேன். கட்டுரைக்குக் கொடுங்கள், பேச்சுக்குக் கொடுங்கள், சொல்வதெழுதலுக்கு மட்டும் வேண்டாம். அந்தப் பரீட்சையில் என்ன நடந்தது என்று சரியாகத் தெரிந்தவர்கள் கனடாவிலோ லண்டனிலோ யாராவது இன்னும் இருந்தால் எனக்கு எழுதுங்கள், முகவரி செயலாளரிடம் இருக்கிறது. தமிழிலும் எழுதலாம், இங்கிலீசிலும் எழுதலாம், நான் திருத்தமாட்டேன்.