50 ஹெர்ட்ஸில் ஒரு ஆர்கன்

2018 அக்டோபரில் சிகாகோவைச் சேர்ந்த நால்வர் ராக் குழு ஒன்றோடு ஜெர்மனிக்குப் போனேன். நான் அவர்களுடைய சவுண்ட் இன்ஜினீயர். சின்னக் குழு என்பதால் டூர் மேனேஜர் வேலையும் என்னுடையதுதான். 14 நாளில் 11 நிகழ்ச்சிகள், நடுவில் மூன்று சுவிட்சர்லாந்தில். நால்வரில் மூன்று பேர் இந்தப் பயணத்துக்காகத்தான் முதன்முதலில் பாஸ்போர்ட்டே எடுத்தார்கள்.

குழுவின் உயிர் ஒரு பழைய ஹேமண்ட் எம்-3 ஆர்கன், கீபோர்டு போல வாசிக்கும் மின்சார வாத்தியம். ஆர்கன் வாசிப்பவரின் பாட்டி வீட்டுக் கூடத்தில் இருந்தது. தூக்கிச் செல்ல வசதியாக அதன் கீழ்ப்பகுதியை அறுத்துப் பெட்டிக்குள் அடக்கியிருந்தார். அங்கே போய் வாடகைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம், அல்லது டிஜிட்டல் கீபோர்டு போதும் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். அவர் கேட்கவில்லை. ஆர்கனுக்கு ஆன விமானச் சரக்குக் கட்டணம் ஒரு ஆளின் டிக்கெட்டைவிட அதிகம். அதை அவர் தன் கைக்காசில் கொடுத்தார்.

அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், ஜெர்மனியில் 230. அதனால் கனமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தேன். வோல்டேஜைப் பற்றி அவ்வளவு யோசித்த நான் ஃப்ரீக்வென்ஸியைப் பற்றி யோசிக்கவில்லை. பதினைந்து வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் அது விட்டுப்போனதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

முதல் நிகழ்ச்சி கொலோனில். சவுண்ட் செக்கில் ஆர்கன்காரர் ஸ்விட்சைப் போட்டு மோட்டார் வேகம் பிடிக்கும்வரை காத்திருந்து முதல் கார்டை, அதாவது ஒன்றாகச் சேர்த்து வாசிக்கும் ஸ்வரங்களை, அழுத்தினார். பேஸ் கிட்டார்காரர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். எல்லா ஸ்வரமும் கீழே இறங்கியிருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, வேறு சுருதியே ஆகிவிட்டது.

ஹேமண்ட் ஆர்கனின் உள்ளே பல் வைத்த இரும்புச் சக்கரங்கள் காந்தங்களுக்கு முன்னால் சுழன்றுகொண்டிருக்கும். எந்த வேகத்தில் சுழல்கிறதோ அதுதான் ஸ்வரம். அவற்றைச் சுழற்றும் மோட்டார் மின்சாரத்தின் அலையோடு பூட்டிப்போட்டது போல ஓடும். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 அலை, அதாவது 60 ஹெர்ட்ஸ். ஜெர்மனியில் 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், அலையின் எண்ணிக்கையைத் தொடாது. ஆக ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சக்கரங்கள் சுழன்றன. 440 ஹெர்ட்ஸில் வர வேண்டிய 'ஏ' என்ற ஸ்வரம் 367 பக்கம் வந்தது.

ஆர்கன்காரர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு கையையும் மூடியின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். மேடையில் ஒரு மனிதர் அப்படி நிற்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கதவு திறக்க இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

அப்போது எனக்கு மதுரையில் சின்ன வயதில் பார்த்த கச்சேரிகள் நினைவுக்கு வந்தன. நம்மூரில் 'ஏ என்றால் 440' என்று யாரும் கட்டளை போடுவதில்லை. பாடுகிறவருக்கு எந்தக் கட்டை சௌகரியமோ அதற்குத் தம்புரா சேரும். வயலின் அதற்குச் சேரும், மிருதங்கக்காரரும் கல்லை வைத்துத் தட்டித் தட்டி அதே சுருதிக்கு வருவார். ஆர்கன் நமக்கு இறங்கி வராது என்றால் நாம் ஆர்கனுக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன?

காகிதத்தில் கணக்குப் போட்டேன். 60-க்கும் 50-க்கும் உள்ள இடைவெளி மூன்று அரைஸ்வரம், அதற்கு மேல் ஒரு சொச்சம். ஆர்கன்காரர் எல்லாவற்றையும் மூன்று அரைஸ்வரம் மேலே தள்ளி வாசித்தால், அதாவது 'ஏ'-க்குப் பதில் 'சி'-யை அழுத்தினால், 436 வரும். கிட்டாரும் பேஸும் ட்யூனரில் 440-க்குப் பதில் 436 என்று வைத்துக்கொண்டால் போதும். டிரம்மருக்கு எந்த வேலையும் இல்லை. பாடும்போது அந்த நான்கு ஹெர்ட்ஸ் தெரியவே தெரியாது.

சொல்வது சுலபம். இருபது வருடம் விரல் பழகிய பாட்டுகளை ஒரே மாலையில் வேறு கட்டைகளில் வாசிக்க வேண்டும். அவர் ஒரு மணி நேரம் ஆர்கனின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தார். மற்ற மூவரும் அவரைக் கூப்பிடாமல் எட்டவே நின்றார்கள்.

அன்றைய நிகழ்ச்சியில் நான்கைந்து இடத்தில் தவறான கார்டு விழுந்தது, எனக்குத் தெரியும். ஆனால் வேறொன்றும் நடந்தது. மோட்டார் மெதுவாக ஓடியதால் ஆர்கனின் வைப்ரேட்டோவும் மெதுவானது. எப்போதும் படபடவென்று துடிக்கும் ஒலி அன்று மூச்சு விடுவது போல அசைந்தது. அவர்களுடைய மெதுவான பாட்டு ஒன்றில் அதைக் கேட்டு, மிக்ஸரில் கையை எடுத்துவிட்டு சும்மா நின்றேன்.

பாட்டுகள் முடிந்ததும் கூட்டம் ஒரே தாளத்தில் கைதட்டி 'ட்சூகாபே, ட்சூகாபே' என்று கேட்டது. இன்னும் ஒன்று பாடுங்கள் என்று அர்த்தம். அமெரிக்காவில் எங்களுக்குப் பெரும்பாலும் பெரிய குழுக்களுக்கு முன்னால் 40 நிமிடம் கிடைக்கும். முடிந்ததும் அடுத்தவர்களுக்காக மேடையை ஒழித்துக் கொடுக்க வேண்டும். இங்கே முழு இரவும் எங்களுக்கு. எங்களிடம் கூடுதல் பாட்டே இல்லை. கடைசியில் முதல் பாட்டையே இன்னொரு முறை பாடினார்கள். மறுநாளில் இருந்து வேனுக்குள்ளேயே பழைய பாட்டுகளைத் தூசி தட்டி ஒத்திகை பார்த்தோம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்கச் சிறு கிளப்களில் எங்கள் குழுவுக்குப் பழக்கமானது இரண்டு பானக் கூப்பனும் கொஞ்சம் சிப்ஸும். கொலோனில் மாலை ஆறு மணிக்குப் பெரிய பாத்திரம் நிறைய சூப்பும் ரொட்டியும் மேசைக்கு வந்தன. கிளப்பில் வேலை செய்கிறவர்களும் நாங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். டிரம்மர் 'இதற்கு எவ்வளவு கொடுக்கணும்?' என்று என் காதில் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அவர் பேசாமல் எழுந்து போய் எல்லோருடைய தட்டையும் கழுவி வைத்தார். அதற்குப் பிறகு போன ஊரிலெல்லாம் அதைத் தொடர்ந்து செய்தார்.

ஐந்தாம் நாள் பாசல் எல்லை. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்பதால் சுங்கச் சோதனை உண்டு. ஏ.டி.ஏ. கார்னெட் என்பது நாம் கொண்டுபோகும் பொருட்களுக்கான பாஸ்போர்ட் மாதிரி. ஒவ்வொரு கிட்டாரும், மைக்கும், அதன் சீரியல் நம்பரும் அதில் இருக்க வேண்டும். கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். விற்கவோ அங்கேயே விடவோ கூடாது. எங்கள் பட்டியலில் 41 பொருட்கள். அதிகாரி பேஸ் கிட்டாரின் பெட்டியைத் திறக்கச் சொல்லி நம்பரைச் சரிபார்த்தார். முத்திரை விழும்வரை நான் நாற்காலியில் உட்காரவில்லை.

அங்கே ஒலி அளவுக்கும் சட்டம் உண்டு. ஒரு மணி நேரச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, கேட்க வருகிறவர்களுக்குக் காதடைப்பான் இலவசமாகக் கொடுக்க வேண்டும். மிக்ஸர் பக்கத்திலேயே மீட்டர் எரிந்துகொண்டிருந்தது. கிட்டார்காரருக்குக் கோபம். ஆனால் சராசரி என்பதில் நமக்கு இடம் இருக்கிறது. அரை மணி நேரம் 102-ல் வாசித்து, அடுத்த அரை மணியை 90-ல் வைத்தால் மொத்தம் 99 சொச்சம்தான் வரும். பாட்டு வரிசையை மாற்றி, மெதுவான பாட்டுகளை உரத்த பாட்டுகளுக்கு நடுவே வைத்தோம். நிகழ்ச்சி முன்பைவிட நன்றாக இருந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகும் அதே வரிசையைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஏழாம் நாள், வாடகைக் கடை ஒன்றில் 12 வோல்ட் பேட்டரியில் இருந்து 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் தரும் இன்வெர்ட்டர் கிடைத்தது. ஆர்கன் பழைய சுருதிக்கு வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. ஆர்கன்காரர் மட்டும் அந்த மெதுவான பாட்டு வரும்போது என்னைப் பார்த்தார். இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரில் போடலாமா என்று கண்ணாலேயே கேட்டார். ஒரே பாட்டுக்காக எல்லோரும் சுருதி மாற்ற முடியாது என்று தலையசைத்தேன்.

இதில் எனக்கென்று ஒன்று உண்டு. மின்சாரத்தில் ஓடும் பொருட்களில் மெல்லிய இரைச்சல் இருக்கும். எர்த் சரியில்லை என்றால் ஸ்பீக்கரிலும் அது வந்துவிடும். அமெரிக்காவில் அந்த இரைச்சல் 'பி-ஃப்ளாட்'டுக்கும் 'பி'-க்கும் நடுவில் நிற்கும். 50 ஹெர்ட்ஸ் ஊர்களில் 'ஜி'-யை ஒட்டி நிற்கும். இந்தியாவும் 50 ஹெர்ட்ஸ்தான். கொலோனில் முதல் நாள் பேஸ் ஆம்ப்பைப் போட்டதும் வந்த இரைச்சல் எங்கள் மதுரை வீட்டு ஃப்ரிட்ஜின் ஸ்டெபிலைசர் ராத்திரி முழுவதும் பாடிக்கொண்டிருந்த அதே ஸ்வரம். அமெரிக்காவில் பதினெட்டு வருடம் இருந்தும் அது என்னைவிட்டுப் போயிருந்தது எனக்குத் தெரியாமலே இருந்தது. எர்த்தைச் சரிசெய்து அதை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த மார்ச்சில் சிகாகோ ஸ்டூடியோவில் அவர்கள் புது ஆல்பம் பதிவு செய்தார்கள். அந்த மெதுவான பாட்டு வந்ததும் ஆர்கன்காரர் கையை எடுத்துவிட்டார். 60-ல் அது சரியாக வரவில்லை என்றார். அலையின் எண்ணிக்கையை நம் விருப்பத்துக்கு மாற்றித் தரும் பவர் சோர்ஸ் ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து 50-க்குத் திருப்பினேன். கிட்டாரும் பேஸும் 436-க்கு வந்தன. ஆர்கனுக்குள் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் மெல்ல 'ஜி'-யில் இரையத் தொடங்கியது. மைக்கில் விழாதபடி அதை அடக்கலாமா என்று உதவியாளர் கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். ஆர்கன்காரர் 'ஏ'-க்காக 'சி'-யில் விரலை வைத்துக்கொண்டு, டிரம்மர் எண்ணத் தொடங்குவதற்குக் காத்திருந்தார்.